தலைமாட்டுத் தூசி

சகாயமேரி பதினோரு வருஷமாகக் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனி. அதில் செக்கிங் பிரிவு. தைத்து முடித்த சட்டை ஒவ்வொன்றையும் ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, காலர், கை, பொத்தான் பட்டி என்று வரிசையாகக் கண்ணை ஓட்டுவாள். ஒரு தையல் விட்டிருந்தாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ‘ஆல்டர்’, அதாவது திருத்த வேண்டியது என்று ஒதுக்கிவிடுவாள். பழுதில்லை என்றால் ‘பாஸ்’. ஒரு நாளைக்கு நானூறு சட்டை. மணி அடித்ததும் மற்றவர்கள் கண் ஓய்ந்துவிடும்; இவள் கண் மட்டும் திருமுல்லைவாயில் வீடு வரைக்கும் வேலை பார்த்துக்கொண்டே வரும். கீரைக்கட்டின் நடுவில் அழுகல், பால் பாக்கெட்டில் தேதி, பக்கத்து வீட்டுக்காரி பேச்சில் ஓர் இடறல், எதுவும் தப்பாது.

அந்தச் செப்டம்பரில் அவள் தினமும் நானூற்றியோராவதாக ஒரு சட்டையையும் பிடித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். அது அவள் புருஷன் ஜேசுராஜுடையது.

விஷயம் புருஷனில் தொடங்கவில்லை, பிள்ளையில் தொடங்கியது. ரியாவுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. ஜூலையில் சளி பிடித்தது. சளியோடு நெஞ்சில் ஒரு விசில் சத்தம் வந்தது. சளி போய்விட்டது, விசில் போகவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, விலா எலும்பு தெரிய மூச்சை இழுப்பாள். டாக்டர் வாயில் அடிக்கிற மருந்துப் பம்ப் கொடுத்தார். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டிப் புகை மருந்து வைத்தார்கள். “இன்னொரு தபா இந்த மாதிரி வந்தா அட்மிஷன் போட்டுடணும்” என்று நர்ஸ் சொன்னதிலிருந்து சகாயமேரிக்குத் தூக்கம் இல்லை. பெற்றது ஒன்றே ஒன்று. அதுவும் எட்டு வருஷம் கழித்துப் பிறந்தது.

தெருக்கோடியில் மாதா கெபி இருக்கிறது, குகை மாதிரி கட்டிய சின்னக் கோயில். சனிக்கிழமை தோறும் மாதா சொரூபத்துக்குச் சேலை மாற்றுவார்கள். நேர்ந்துகொண்டவர்கள் கொடுக்கிற சேலைகள் எல்லாம் ராணியக்கா வீட்டு பீரோவில் இருக்கும். அவள்தான் அந்தத் தெரு அன்பியத்துக்கு, அதாவது கூடி ஜெபிக்கிற கத்தோலிக்கக் குடும்பங்களின் குழுவுக்கு, தலைவி. யார் வீட்டில் நோய் என்றாலும் மாதா உடுத்திய சேலை ஒன்று அங்கே போகும். ஒன்பது நாள் நோயாளி மேல் போர்த்தி, நவநாள் ஜெபம் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ரியாவுக்கு முதல் இழுப்பு வந்த மறுநாளே ராணியக்கா நீலப் பட்டுச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்பது நாள் முடிந்தது. குணமாகவில்லை. “இன்னும் ஒன்பது நாள் வெச்சிக்கிறேன்கா” என்று சகாயமேரி கேட்டாள். அப்புறம் இன்னும் ஒன்பது. அடுத்தவர்களுக்குக் கிடைக்க வேண்டிய சேலையைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று தெருவில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும் என்று இருந்துவிட்டாள். தினமும் ராத்திரி பிள்ளைக்குத் தலைமுதல் கால்வரை போர்த்துவாள். காலையில் மடித்து, உதட்டில் ஒற்றி முத்திசெய்து, வீட்டுப் பீடத்தில் மாதா படத்துக்குக் கீழே வைப்பாள்.

இந்தச் சமயத்தில்தான் ரெனிதா வந்தாள். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. தூத்துக்குடிப் பெண், முப்பது வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை, ஸ்கூட்டியில் வருவாள். வீட்டுத் தூசியால் இழுப்பு வருகிறவர்களைப் பற்றி அங்கே ஆராய்கிறார்களாம். டாக்டர்தான் சொல்லி அனுப்பியிருந்தார். எட்டுப் பக்கச் சம்மதப் படிவத்தைச் சகாயமேரி வரி வரியாகப் படித்தாள். அவள் படித்து முடிப்பதற்குள் ரெனிதாவுக்குக் கொடுத்த டீ ஆடை கட்டிவிட்டது.

“இந்த ரத்தத்த எத்துனு போய் இன்னா பண்ணுவீங்க? விப்பீங்களா?”

“விக்க மாட்டோம்க்கா. பாப்பாட்ட மூணு மில்லிதான் எடுப்போம். அதுல என்ன எதிர்ப்பொருள் இருக்குன்னு பாப்போம்.”

“அது இன்னா பொருளு?”

ரெனிதா பொறுமைசாலி. “கிருமி வந்தா பிடிச்சுக்கிறதுக்கு உடம்பு செஞ்சு வச்சிருக்கிற ஆயுதம்க்கா. சிலபேர் உடம்புல அது எல்லாத்தையும் சந்தேகப்படும். தூசில இருக்கிற சின்னப் பூச்சி, கரப்பான், பூனை, இதுகளோட புரதத்தை எல்லாம் திருடன்னு நெனச்சுப் பிடிச்சுக்கும். பிடிச்ச உடனே மூச்சுக்குழாய் இறுகிரும். ஆவடி ட்ரெயின்ல கூட்டத்துல கம்பியப் பிடிக்கிறோம்ல, அது மாதிரி அந்தப் புரதத்துல எந்த இடத்தைப் பிடிக்குது, எத்தனை விரலால பிடிக்குதுன்னு நாங்க பாக்குறோம். இடம் தெரிஞ்சா அதை மறைக்கிறதுக்கு மருந்து யோசிக்கலாம்.”

யாரையும் நம்பாத அந்த எதிர்ப்பொருளைச் சகாயமேரிக்கு ஏனோ பிடித்துப்போயிற்று. மூணு மில்லிக்குக் கையெழுத்துப் போட்டாள். ஆனால் ரெனிதா அடுத்த படிவத்தை எடுத்து, பிள்ளையிடம் அதிகம் எடுக்கக்கூடாது, அப்பாவுக்கும் தும்மல் உண்டு என்பதால் அவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் ஆராய்ச்சிக்கு உதவும் என்றபோது முகம் மாறிவிட்டது. “அவரு ரத்தம் அவராண்டயே இருக்கட்டும்மா” என்று படிவத்தைத் திருப்பித் தள்ளினாள். ஜேசுராஜ் எதுவும் சொல்லவில்லை. அவன் எப்போதுமே அதிகம் பேசுகிறவன் இல்லை. அந்த மௌனத்தையும் அவள் குறித்து வைத்துக்கொண்டாள்.

பிறகு ரெனிதா சின்னத் தூசி உறிஞ்சும் மிஷின் ஒன்றை எடுத்தாள். “மெத்தையில தூசி எடுக்கணும்க்கா.” சகாயமேரி ஓடிப்போய், அன்று காலை மடிக்காமல் கிடந்த மாதா சேலையை எடுத்துப் பீடத்தில் வைத்துவிட்டு வந்தாள். மாதா சேலையில் மிஷின் படலாமா? “போர்வை, தலையணை உறை எல்லாம் இதுதானா?” என்று ரெனிதா கேட்டாள். “இதான், எல்லாம் இதான்” என்று பழைய போர்வையைக் காட்டினாள்.

மூன்று வாரம் கழித்து ரெனிதா காகிதத்தோடு வந்து சொன்னதைக் கேட்டுச் சகாயமேரி உட்கார்ந்துவிட்டாள். ரியாவின் ரத்தத்தில் தூசிப் பூச்சிக்கு எதிராகக் கொஞ்சம்தான். கரப்பானுக்கு இல்லவே இல்லை. பூனைக்கு எதிராகத்தான் எக்கச்சக்கம். மெத்தைத் தூசியிலும் பூனைப் புரதம் இருந்தது.

“பூனையா? இந்த ஊட்ல பூனையே கெடையாதும்மா. இந்தத் தெருவுலயே யாரும் வளக்கல.”

“பூனை வீட்டுக்குள்ள வரணும்னு இல்லக்கா. துணியில ஒட்டிட்டு வந்தாப் போதும். வீட்ல யாராவது பூனை இருக்கிற இடத்துக்கு அடிக்கடி போயிட்டு வர்றாங்களா?”

ரெனிதா சாதாரணமாகத்தான் கேட்டாள். சகாயமேரியின் மூளையில் அது தீக்குச்சி கிழித்தது மாதிரி பற்றிக்கொண்டது.

அவள் போவது கம்பெனி, கோயில், கடை. ரியா போவது பள்ளிக்கூடம், ட்யூஷன். அவள் எல்லா இடத்தையும் நேரில் போய்ப் பார்த்து, ட்யூஷன் டீச்சரிடம் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்க்க அனுமதி கேட்டுவிட்டாள். ராணியக்கா வீட்டுக் கூடத்தையும் விடவில்லை. அங்கே இருந்தது ஒரு கிழட்டு நாய். “பூனையா? நம்ம ஊட்லயா? எலித் தொல்லையே ரெண்டு மாசமா இல்லடி. எல்லாம் மாதா கிருப” என்று ராணியக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். மிச்சம் இருந்தது ஜேசுராஜ் ஒருவன்தான்.

இரண்டு வாரமாக அவன் வியாழக்கிழமை தோறும் தாமதமாக வருகிறான். எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை, நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்துவிடும். கேட்டால் ஓவர்டைம் என்பான். காலையில் எழும்போது கண் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டு இருக்கும். குடிக்கிறானோ என்று வாயை முகர்ந்து பார்த்திருக்கிறாள், வாசனை இல்லை. இப்போது பூனை வந்து அந்த முடிச்சை எல்லாம் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது. எங்கேயோ ஒரு வீடு. அதில் ஒரு பூனை. பூனை மட்டுமா இருக்கும்?

அன்றிலிருந்து சட்டைச் சோதனை. அவன் குளிக்கப் போனதும் கொடியில் கிடக்கிற சட்டையை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேரே பிடிப்பாள். மூன்றாம் நாள், தோளில் ஒட்டியிருந்த முடி ஒன்று கண்ணில் பட்டது. வெள்ளை, குட்டை, நுனி கூர். மனுஷ முடி இல்லை. அதைச் செல்லோ டேப்பில் ஒட்டி ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள். அடுத்த வியாழன் பையில் சுருட்டிய பஞ்சு, அதில் துளி ரத்தம். அதையும் வைத்தாள். அந்த வியாழக்கிழமையே எஸ்டேட்டில் கரண்ட் கட். ஐந்து மணிக்கு வரும் என்று சொன்ன கரண்ட் எட்டு மணிக்குத்தான் வந்தது. அவள் கம்பெனியில் ஜெனரேட்டர் ஓடியது. அவன் ஷாப்பில் ஜெனரேட்டர் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

“ஓவர்டைமா இன்னிக்கு?” என்று சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“ஆமா. ஏழு மணி வரிக்கும் மிஷினாண்டயே நின்னுகினு இருந்தேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான். சகாயமேரிக்கு நெஞ்சு எரிந்தது. புருஷன் ஏமாற்றுகிறான் என்பதுகூட இரண்டாவது எரிச்சல்தான். எவள் வீட்டுப் பூனையையோ தோளில் சுமந்துவந்து, பெற்ற பிள்ளையின் மூச்சில் போடுகிறானே என்பதுதான் அவளைக் கொன்றது. மறுநாள் விடியலில் ரியா எழுந்து உட்கார்ந்து இழுத்தபோது, மாதா சேலையை இன்னும் இழுத்து மூடி, பிள்ளையைக் கட்டிக்கொண்டு, புருஷன் இருந்த பக்கம் திரும்பாமலேயே அழுதாள்.

அடுத்த வியாழன் அரை நாள் லீவு போட்டாள். பிரஸ் ஷாப்புக்கு எதிரே டீக்கடையில் நின்றாள். நாலு மணிக்கு ஜேசுராஜ் வெளியே வந்தான். முகம் கழுவியிருந்தான், தலை வாரியிருந்தான், இரண்டையும் குறித்துக்கொண்டாள். அவன் ஷேர் ஆட்டோவில் ஏறியதும் இவள் ஒரு தனி ஆட்டோவை மறித்தாள். “முன்னால போற ஆட்டோவ வுட்றாத அண்ணாத்தே.”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் ஓட்டினார். அயனம்பாக்கம் ஏரி தாண்டி மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் முன்னால் ஜேசுராஜ் இறங்கி, சொந்த வீட்டுக்குப் போகிறவன் மாதிரி மாடிப்படி ஏறினான். பெயர்ப்பலகை இங்கிலீஷில் இருந்தது. கீழே நின்று அரைமணி நேரம் பார்த்தும் அவன் இறங்கி வராததால், இவளும் மாடி மாடியாகப் பார்த்துக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறினாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஜேசுராஜ் நாற்காலியில் சாய்ந்திருந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ரெனிதா.

பூனையைப் பற்றிக் கேட்டவளே இவள்தானே! சகாயமேரி கண் முன்னால் ஸ்கூட்டி, கல்யாணம் ஆகாதது, ‘அப்பாவும் கொஞ்சம் கொடுத்தால்’ என்று கேட்டது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கதவைத் தள்ளப் போனாள். வாட்ச்மேன் குறுக்கே வந்து, நோட்டில் பெயர் எழுதச் சொன்னார். எழுதினாள். செருப்பின் மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டச் சொன்னார். அவசரத்தில் உறை இரண்டு தடவை நழுவியது. ஒருவழியாக மாட்டிக்கொண்டு, சரக் சரக் என்று உள்ளே போய் நின்றாள்.

“யாரு ஊட்டுப் பூனையா அது?”

ஜேசுராஜ் எழப் பார்த்தான். “அண்ணா அசையாதீங்க, ஊசி இருக்கு!” என்று ரெனிதா கத்தினாள். அப்போதுதான் சகாயமேரி அவன் முழங்கை மடிப்பைப் பார்த்தாள். குழாய் வழியாக ரத்தம் சின்னக் குப்பியில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்து இருந்தது. வேண்டாத இடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி அதை அழுத்திக்கொண்டே இருந்தான்.

“நீ கையெய்த்துப் போடமாட்டேன்ன” என்றான். “புள்ள மூச்சு வுடாம கஷ்டப்படுது. என் ரத்தத்துல எதனா தெரியுமான்னு பாப்பாங்களாம். அதான் வந்துகினு கீறேன். சொன்னா நீ கத்துவ.”

“பஞ்சு?”

“இங்க வெச்சதுதான்.”

ஆனாலும் செக்கிங் பிரிவு அவ்வளவு சீக்கிரம் மூடிவிடாது. ஜெபப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து, டேப்பில் ஒட்டிய முடியை ரெனிதாவிடம் நீட்டினாள். “அப்ப இது இன்னா? இவரு தோள்ல கெடச்சிது.”

ரெனிதா அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பூனை முடி மாதிரிதான் இருக்கிறது என்றாள். பிறகு ஜேசுராஜின் இன்னொரு கையைத் திருப்பிக் காட்டினாள். முன்கையில் பேனாவால் வட்டம் போட்டு, ஒன்று முதல் ஆறு வரை எண் எழுதியிருந்தது. நாலாவது வட்டத்தில் மட்டும் சுண்டல் கடலை அளவுக்குத் தடித்துச் சிவந்திருந்தது.

“இது பூனைக்கான சொட்டு. இன்னைக்குத்தான் வச்சோம். பாப்பாவுக்கு மாதிரியே அண்ணனுக்கும் பூனை ஒத்துக்காது. பூனை இருக்கிற வீட்ல போய் உக்காந்தா அரைமணி நேரத்துல கண்ணு சிவந்து, தும்மிட்டே வெளிய ஓடி வந்துருவாங்க. நீங்க நெனைக்கிற மாதிரி ஒரு இடம் இருந்தா, அங்க இவங்களால இருக்கவே முடியாதுக்கா.”

கோர்ட்டில்கூட இப்படி ஒரு சாட்சி கிடைக்காது. அவன் ரத்தமே அவனுக்காகச் சாட்சி சொல்லிவிட்டது. சகாயமேரி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் திரையில் ரிப்பன்கள் சுருண்டு சிக்கிக்கொண்டது போல ஒரு படம் நின்றது. பச்சை ரிப்பன் பூனைப் புரதமாம். அதைக் கவ்வியிருந்த ஆரஞ்சு, போன வருஷம் வேறு யாரோ ஒருவர் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருளாம். ஜேசுராஜுடையதை இனிமேல்தான் பிரித்தெடுத்துப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றாள் ரெனிதா. அந்தப் பிடியைப் பார்க்கச் சகாயமேரிக்குப் பயமாக இருந்தது. ஒரு தப்பும் செய்யாத பூனையைத் திருடன் என்று நினைத்து, விடவே விடாத பிடி.

“கண்ணு சிவக்குமா?” என்று மெதுவாகக் கேட்டாள். “இவருக்குத் தெனம் காலைல செவந்துதான் கீது. தூங்கி எந்திரிச்சா.”

ரெனிதா நிமிர்ந்தாள். “தூங்கி எந்திரிச்சாவா? அப்போ உங்க வீட்லதான் இருக்கு.” ஒரு காகிதத்தைத் தேடி எடுத்தாள். “நேத்துதான் இந்தக் கணக்கு வந்துச்சு. மெத்தையில மூணு இடத்துல தனித்தனியா எடுத்தேன்ல. அண்ணன் படுக்கிற ஓரத்துல கம்மி. உங்க ஓரத்துலயும் கம்மி. நடுவுல, பாப்பா தலைமாட்டுலதான் ரொம்ப அதிகம். பாப்பா மூக்குக்குப் பக்கத்துல என்னமோ இருக்குக்கா. அன்னைக்கு நான் பாக்காம விட்ட துணி ஏதாவது இருக்கா?”

“இல்ல” என்றாள் சகாயமேரி, கொஞ்சமும் யோசிக்காமல்.

அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் அது துணியே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் புருஷனும் பெண்டாட்டியும் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ட்யூஷனிலிருந்து ரியாவைக் கூட்டிவந்தாள். பிள்ளை அன்று களைத்திருந்தது. ஆறரை மணிக்கே மெத்தையில் விழுந்து, “மாதா சேல போத்திவுடுமா” என்றது. சகாயமேரி பீடத்திலிருந்து எடுத்துப் போர்த்திவிட்டு அடுப்படிக்குப் போனாள். ரியா சேலை விளிம்பை மூக்குவரை இழுத்துக்கொண்டு, ஜரிகையைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

பருப்பு ஒரு விசில் வந்திருக்கும். அதற்குள் கூடத்திலிருந்து இன்னொரு விசில் கேட்டது. பிள்ளையின் நெஞ்சிலிருந்து வந்த விசில்.

கரண்டியோடு ஓடிவந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தலைமாட்டுல. மூக்குக்குப் பக்கத்துல. பிள்ளையின் மூக்கையும் அதன் மேல் கிடந்த நீலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த நினைப்பே பாவம் என்று தோன்றியது. சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சேலையை உருவி எடுத்து, பம்ப்பை ஜேசுராஜ் கையில் கொடுத்துவிட்டு, ட்யூப்லைட்டுக்கு நேரே முந்தானையைத் தூக்கிப் பிடித்தாள்.

பதினோரு வருஷத்தில் எத்தனை லட்சம் சட்டைகளைத் தூக்கிப் பார்த்திருப்பாள்! இரண்டு மாதமாகத் தினமும் விரித்து மடித்த இந்த ஒரு துணியை அவள் வெளிச்சத்தில் பிடித்ததே இல்லை. மாதாவைச் செக் பண்ணுகிறவள் உண்டா? ஜரிகைக் கரையில், நூலுக்கு நூல் இடையில், ஜேசுராஜ் தோளில் கிடைத்த அதே குட்டை வெள்ளை முடி குத்திக்கொண்டு நின்றது. ஒன்று இரண்டு இல்லை. மடிப்பில் ஓர் இடம் முழுக்க, ஏதோ ஒன்று வட்டமாகச் சுருண்டு படுத்த அடையாளமாக, முடி அப்பிக்கிடந்தது. ஊசி போன இடமெல்லாம் தேடியவளுக்கு உலக்கை போன இடம் தெரியாமல் போயிற்று.

“நான்தான்” என்றாள். “நான்தான்யா தெனம் தெனம் அது மூஞ்சி மேல போட்டேன். ஒம்போது நாளு போதும்னாங்க. நான்தான் குடுக்கமாட்டேன்னு புடிச்சு வெச்சேன்.”

அவளுக்குத் தேம்பல் வந்தது. ஜேசுராஜ் பிள்ளையை மடியில் வைத்து பம்ப் அடித்துக்கொண்டிருந்தான். எத்தனையோ சொல்லியிருக்கலாம், இரண்டு வாரம் அவன் சட்டை பட்ட பாட்டுக்கு அவனுக்கு அந்த உரிமை உண்டு. “அத்த மொதல்ல ஊட்டுக்கு வெளிய வை மேரி. அப்பால அழுவலாம்” என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் சாயங்காலம் சேலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு ராணியக்கா வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் பயம். திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடலாம், யாருக்கும் தெரியாது. மாதா சேலையால் நோய் வந்தது என்று சொன்னால் தெருவே அவளைக் காறித் துப்பும். ஆனால் ராணியக்கா பையை வாங்கியதும், “அப்பாடா, குடுத்தியே! அந்த மூணாவது ஊட்டுக் கெழவருக்கு இருமலு, வெச்சிகினு போலாம்னு கீறேன்” என்றாள். அதற்குமேல் சகாயமேரியால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டாள். ரத்தம், தூசி, தலைமாடு, முடி எல்லாவற்றையும் சொன்னாள்.

ராணியக்கா முகம் கறுத்தது. “ஏன்டி, ஊரு ஒலகத்துல எல்லாத்துலயும் நொட்ட சொல்லி முடிச்சிட்டு, மாதா சேலைல வந்து நிக்கிறியா? நம்ம ஊட்ல பூன இல்லன்னு அன்னிக்கே சொன்னேன்ல?”

“பீரோவ ஒருதபா தொற்ந்து காட்டுக்கா. இல்லன்னா உன் கால்ல வுய்ந்து மன்னிப்பு கேக்கறேன்.”

பின்கட்டு அறையில் ஜன்னலுக்கு ஒரு கண்ணாடி இல்லை. மரப் பீரோவின் பின்பலகை கரையான் அரித்துக் கீழே ஒரு முழத்துக்குப் பெயர்ந்திருந்தது. ராணியக்கா கதவைத் திறந்தாள். அடித்தட்டில், மஞ்சள் பட்டின் மேல், வெள்ளைப் பூனை ஒன்று, பிறந்து இரண்டு நாள்கூட ஆகாத மூன்று குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. இத்தனை நாள் கதவுச் சத்தத்துக்கே ஓட்டை வழியாக நழுவியிருக்கும்; இன்று குட்டிகளை விட்டுப் போகவில்லை. யாரடா கதவைத் திறந்தது என்பது போல இருவரையும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

ராணியக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எலி போச்சுன்னு நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனேனேடி” என்றாள். திடீரென்று ஏதோ ஞாபகம் வந்து மார்பில் கையை வைத்தாள். “சென்னீர்குப்பத்துக்கு! என் தங்கச்சி பேரனுக்கு இழுப்புன்னு திங்கக்கெழம ஒரு சேல குடுத்தனுப்சேனே. எட்டு மாசக் கொயந்த.”

சகாயமேரிதான் போனைத் தேடி எடுத்து அவள் கையில் திணித்தாள். மறுமுனையில் எடுத்ததும் ராணியக்கா சொன்ன முதல் வார்த்தை, “புள்ள மேல கீற சேலய எட்றீ” என்பதுதான். ஏன், எதற்கு என்று அந்தப் பக்கம் கேட்டது. “மாதா வேற சேல கேக்கறாங்க, எட்றீ மொதல்ல!” என்று கத்தினாள்.

அன்று ராத்திரிக்குள் பதினாறு சேலைகள் சகாயமேரி வீட்டுக்கு வந்துவிட்டன. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெந்நீரில் முக்கி முக்கித் துவைத்தாள். தலையணை உறை, போர்வை எல்லாம் கூடவே வெந்தன. மெத்தையை ஜேசுராஜ் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தான். ஒரே நாளில் போய்விடாது, சில வாரம் ஆகும் என்று ரெனிதா போனில் சொன்னாள். ஒரு விஷயம் கேட்கலாமா என்று தயங்கி, அதே மெத்தையில் படுத்தும் ஒன்றும் ஆகாத உங்கள் ரத்தம் ஏன் யாரையும் சந்தேகப்படவில்லை என்று பார்க்க ஆசையாக இருக்கிறது என்றாள். ஜேசுராஜ் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தான். சகாயமேரி முறைத்தாள். ஆனால் வியாழக்கிழமை வருவதாக ஒத்துக்கொண்டாள்.

மூன்றாவது ஞாயிறு. பூசைக்குப் போய்வந்து சாப்பிட்டுவிட்டு ரியா தரையில் பாயில் படுத்தாள். பத்து நாளாக விடியலில் எழுந்து உட்காரவில்லை. “மாதா சேல?” என்று கேட்டாள். சேலைகள் எல்லாம் ராணியக்கா வாங்கிய புதுத் தகரப் பெட்டிக்குப் போய்விட்டன. “அது இப்ப வேணாம் கண்ணு” என்றாள் சகாயமேரி. பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. ஜேசுராஜ் கொடியிலிருந்து துவைத்துக் காய்ந்த தன் சட்டை ஒன்றை உருவி அவளிடம் நீட்டினான்.

வாங்கியவள் கை தானாகவே ட்யூப்லைட்டை நோக்கி எழுந்தது. காலர், தோள், பொத்தான் பட்டி. பதினோரு வருஷப் பழக்கம், கேட்குமா? பாதியில்தான் தான் செய்வது அவளுக்கே உறைத்தது. ஜேசுராஜ் பார்த்துக்கொண்டே நின்றான்.

“இன்னா, பாஸா ஆல்டரா?” என்று கேட்டான்.

அவள் சட்டையை இறக்கி, பிள்ளையின் கழுத்துவரை போர்த்தினாள்.

“சட்ட பாஸு” என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். “நான்தான்யா ஆல்டரு. மன்சுல வெச்சிக்காத.”

அவன் பாயின் மறுபக்கம் உட்கார்ந்தான். சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு ரியா தூங்கிப்போனாள். இருவரும் குனிந்து அவள் மூச்சைக் கேட்டார்கள். விசில் இல்லை.